பத்து மணி பஸ்

நம் ஆட்களின் காதில் தேர்தல் என்ற சொல் விழுந்துவிட்டால் அப்புறம் கையும் காலும் சும்மா இருக்காது. தோஹாவின் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில், ஒரு கட்டுமானக் கம்பெனியின் கேம்ப்பில், ஒரு ஜனவரி மாதம் அந்தச் சொல் விழுந்தது. கம்பெனிக்கும் தொழிலாளிக்கும் நடுவே பேசுவதற்கு ஒரு கமிட்டி வரப்போகிறது, அதில் பாதிப் பேரைக் கம்பெனி போடும், மீதிப் பேரைத் தொழிலாளிகளே ஓட்டுப் போட்டு அனுப்பலாம் என்று ஐந்து மொழிகளில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நேபாளிகள் படித்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். பெங்காளிகள் இதனால் ஓவர்டைம் கூடுமா என்று கேட்டார்கள். தமிழர்கள் மட்டும், சின்னம் என்ன என்று கேட்டார்கள்.

சின்னமெல்லாம் கிடையாது, போட்டோவும் நம்பரும்தான் என்று ஆபீஸிலிருந்து பதில் வந்தது. சின்னம் இல்லாமல் என்னத்தை ஓட்டுக் கேட்பது என்று கொஞ்ச நேரம் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து ஜெயசீலனை நிறுத்தினார்கள்.

ஜெயசீலன் சாரம் கட்டுகிறவர். காளையார்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவக் கிராமம். வயது நாற்பதைத் தாண்டி நரை இறங்கிய ஆள், கோபம் வந்தால்கூடக் குரலை உயர்த்தத் தெரியாது. இளவயதில் பங்குச் சாமியார் நடத்திய கிறிஸ்தவத் தொழிலாளர் இளைஞர் குழுவில் இருந்தவர். அங்கே அவர் கற்றுக்கொண்டது ஒரு பழக்கம். எந்தப் பிரச்சினை வந்தாலும் ஆட்களை வட்டமாக உட்கார வைத்து, என்ன நடந்தது, அது சரியா, இப்போது நாம் என்ன செய்யலாம் என்று மூன்று கேள்வி கேட்பார். மூன்றாவது கேள்விக்கு யாராவது "அடிக்கலாம்" என்றால் மறுபடியும் முதல் கேள்வியிலிருந்து ஆரம்பிப்பார். சிலருக்கு இது பெரிய எரிச்சல். ஆனால் ரூமில் சண்டை என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

வேலை நிறுத்தம் என்ற பேச்சை மட்டும் அவர் அண்டவே விட மாட்டார். அதற்குக் காரணம் இருந்தது. கத்தாருக்கு வருவதற்கு முன்பு குவைத்தில், ஃபஹாஹீலில், சில வருடங்கள் இருந்தார். அங்கே ஒரு காலையில் அவர் கேம்ப் முழுவதும் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்தது. அடுத்த நாள் வேன்கள் வந்தன. அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் உடுத்தியிருந்த துணியோடு ஏர்போர்ட்டுக்குப் போனார்கள். இவர் காய்ச்சலாகப் படுத்திருந்ததால் பிழைத்தார். முதலாளியும் மனுஷன்தான், முறையாகப் பேசினால் கேட்பான், பேசுவதற்கு ஒரு நாற்காலி மட்டும் வேண்டும் என்று அன்றைக்கு மனதில் எழுதிவைத்துக்கொண்டார். அந்த நாற்காலிதான் இப்போது தேடி வந்திருக்கிறது என்று நம்பினார். பாவம், அவர் நம்பியதில் தப்பில்லை.

ஜெயித்தார். நேபாளிகள்கூட அவருக்குப் போட்டிருந்தார்கள். முதல் சில மாதங்கள் நன்றாகவே நடந்தன. மெஸ்ஸில் வாயில் வைக்க முடியாத சோறு மாறியது. கெட்டுக் கிடந்த வாஷிங் மெஷின்களை எடுத்துவிட்டுப் புதிது போட்டார்கள். கமிட்டியில் கம்பெனி பக்கம் உட்கார்ந்திருந்த சதீஷ்குமார் சென்னைக்காரர், எச்.ஆர். மேனேஜர், குடும்பத்தோடு நல்ல ஃபிளாட்டில் இருப்பவர். "ஜெயசீலன், உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா எனக்கு வேலையே இல்லை" என்பார். ஜெயசீலனுக்கு அது பெருமையாக இருந்தது. எதிரே உட்கார்ந்திருப்பது நம்ம ஆள் என்ற தைரியமும் கூடவே வந்தது.

கேம்ப்பில் எல்லோரும் அப்படி மயங்கவில்லை. பாலகுரு என்று ஒரு கம்பி கட்டுகிறவன் இருந்தான், திருப்பூர்க்காரன், ஊரில் சிவப்புக் கொடிச் சங்கத்தில் இருந்தவன். "வாஷிங் மெஷின் குடுத்து வாயக் கட்டறாங்கண்ணா. உங்களுக்கு அது தெரியறதில்லைங்" என்பான். ஜெயசீலன் சிரித்துக்கொண்டே, "துணி வெளுத்துச்சா இல்லையா, அதச் சொல்லு" என்பார்.

ஜூன் வந்தது. அங்கே கோடையில் காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்றரை வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். கம்பெனி அதை மீறவில்லை. விடியுமுன் ஆட்களைக் கொண்டுபோகும், பத்து மணிக்கு வேலையை நிறுத்தும், மூன்றரைக்கு மறுபடி ஆரம்பிக்கும். நடுவில் இருக்கிற நேரத்தில்தான் சங்கடம். கேம்ப்புக்குத் திரும்பக் கொண்டுவந்து விட்டால் டீசல் செலவு. அதனால் சைட்டிலேயே ஒரு தகரக் கொட்டகை போட்டு, அதற்குள் எல்லோரையும் படுக்கச் சொன்னார்கள். இரண்டு ஃபேன், அவையும் அனலைத்தான் வாரி இறைத்தன. கொட்டகைக்குப் பக்கத்திலேயே அவர்கள் வந்த பஸ், ஏசி உள்ள பஸ், எஞ்சினை அணைத்துப்போட்டு நாள் முழுக்கச் சும்மா நிற்கும். இதைவிட வயிற்றெரிச்சல் வேறு என்ன வேண்டும்.

பத்து மணிக்கு பஸ் எடுத்து ஆட்களைக் கேம்ப்பில் கொண்டுவந்து விட வேண்டும். ஜெயசீலன் கமிட்டியில் வைத்த கோரிக்கை அது ஒன்றுதான். பார்க்கலாம் என்றார்கள். பிறகும் பார்க்கலாம் என்றார்கள்.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கார்மேகம் விழுந்தான். ஜெயசீலனின் ரூம்தான், கமுதிப் பக்கத்துப் பையன், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கொட்டகையில் படுத்திருந்தவன் உளற ஆரம்பித்தான். உடம்பில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்துவிட்டார்கள், ஆனால் சிறுநீரகம் அடிவாங்கிவிட்டது, கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டும் என்றார்கள்.

அன்று சாயந்திரம் கேம்ப் கொதித்தது. பாலகுரு மெஸ் வாசலில் நின்றுகொண்டு, நாளைக்கு ஒருத்தரும் பஸ்ஸில் ஏறக் கூடாது என்றான். ஜெயசீலன் வந்ததும் கூட்டம் வழிவிட்டது.

"இன்னம் என்னங்ண்ணா? ஜெபம் பண்ணுனா பஸ் வந்துருமுங்களா?" என்று கேட்டான் பாலகுரு.

"ஜெபத்த விடு. அடுத்த வாரம் வியாழக்கிழம மீட்டிங் இருக்கு. அதுவரைக்கும் பொறுங்கப்பா. நீங்க வேலைக்குப் போகாம உக்காந்தா, அவங்க பஸ்ஸப் பத்திப் பேச மாட்டாங்க, உங்களப் பத்தித்தான் பேசுவாங்க. நான் கண்ணால பாத்தவன்."

"வியாழக்கிழமையும் வரலைன்னா?"

"வரும்" என்றார் ஜெயசீலன். அவருடைய முகத்துக்காக எல்லோரும் அடங்கினார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து ஃபாதரைப் பார்த்துப் பேசினார். ஃபாதர் எல்லாவற்றையும் கேட்டார், கார்மேகத்துக்காக ஜெபிப்பதாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ செய்யிறது நல்ல காரியம். ஆனா இந்த வளாகத்துக்குள்ள கூட்டம் போட்டுப் பேச வேணாம்ப்பா. நமக்குக் கும்பிட ஒரு எடம் குடுத்திருக்காங்க, அது கெட்டுறக் கூடாது" என்றார். ஜெயசீலன் சரிங்க ஃபாதர் என்றார். திரும்பி வரும்போது அவருக்கு மனசு ஒரு மாதிரி இருந்தது. ஆண்டவருக்கே இடம் வாடகைக்குத்தானா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததற்காகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை சதீஷ்குமார் போன் செய்தார். "பஸ் கிட்டத்தட்ட ஓகே. வியாழக்கிழமை ஜெனரல் மேனேஜர் அவரே அனவுன்ஸ் பண்ணுவார். அதுவரைக்கும் யாரும் சத்தம் போட வேண்டாம், ப்ளீஸ். அவர் மனசார குடுத்த மாதிரி இருக்கணும்."

ஜெயசீலனுக்கு உச்சி குளிர்ந்தது. ரூம் ஆட்களிடம் மட்டும் சொன்னார், வெளியே விடாதீர்கள் என்றும் சொன்னார். நம் ரூம்களில் ஒரு விஷயத்தை வேகமாகப் பரப்ப அதைவிடச் சிறந்த வழி கிடையாது.

விஷயம் கேம்ப்பைத் தாண்டி ஊருக்கே போய்விட்டது. ஊரில் அவருடைய மைத்துனன் விஜயபாஸ்கர் ஃபிளெக்ஸ் கடை வைத்திருந்தான். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் அவன் கை படாமல் அந்த வட்டாரத்தில் ஒன்று நடக்காது. அந்த வாரம் கோவில் திருவிழாக் கொடியேற்றம் வேறு. மச்சானுக்கு ஒரு இன்ப அதிர்ச்சி கொடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. கேம்ப் வாட்ஸ்அப் குரூப்பில் இருந்த ஆட்களின் நம்பரை வாங்கித் தனித்தனியாகப் பிடித்து, போட்டோ அனுப்புங்கள், அண்ணனிடம் சொல்லாதீர்கள் என்று கேட்டான். அவர்களும் கம்பெனிச் சட்டையோடு, ஹெல்மெட்டோடு, சிரித்த முகமாக அனுப்பினார்கள்.

கோவில் வளைவுக்குப் பக்கத்தில் பனை உயரத்துக்கு அது நின்றது. நடுவில் ஜெயசீலன் முஷ்டியை உயர்த்திக்கொண்டிருந்தார். அந்தக் கை அவருடையது இல்லை, வேறு யாருடையதையோ வெட்டி ஒட்டியிருந்தான். பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் தோஹாவின் கண்ணாடிக் கட்டடங்கள். கடல் கடந்தும் கர்ஜிக்கும் சிங்கமே, கத்தாரை அதிரவைத்த தொழிலாளர் தலைவரே என்று எழுத்து. கீழே, நம் வழக்கப்படி, இவண் என்று போட்டு வரிசையாக ஸ்டாம்ப் அளவில் முகங்கள். முகத்துக்குக் கீழே பெயர். மொத்தத்துக்கும் சேர்த்து, போராட்டக் குழு, கத்தார் கேம்ப். பாலகுருவின் முகமும் அதில் இருந்தது. கொள்கை வேறு, ஃபிளெக்ஸ் வேறு போலிருக்கிறது.

போட்டோ ஃபேஸ்புக்கில் ஏறியது. புதன்கிழமை மத்தியானம் ஜெயசீலனின் போனுக்கு அது வந்தது. உடனே விஜயபாஸ்கருக்குப் போன் போட்டார்.

"எறக்குடா அத. இப்பவே எறக்கு."

"ஏன் மச்சான், போட்டோ நல்லா இல்லையா? கை வேற மாத்திரலாமா?"

"ஏன்டா, என் குடி கெடுக்கவா பொறந்த நீ" என்றார் ஜெயசீலன். வாழ்நாளில் மைத்துனனை அவர் அப்படித் திட்டியது அதுதான் முதல் தடவை. ஃபிளெக்ஸ் இறங்கியது. ஆனால் அது அதற்குள் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

வியாழக்கிழமை கமிட்டி கூடவில்லை. ஜெயசீலனை மட்டும் கூப்பிட்டார்கள். மேஜையில் அந்தப் படம் பெரிதாக அச்செடுத்துக் கிடந்தது. ஜி.எம். அமைதியாகத்தான் பேசினார். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல சதீஷ்குமார் தமிழில் சொன்னார்.

"இந்த முகமெல்லாம் யாருன்னு கேக்கறார்."

"நம்ம ஆளுகதான் சார். ஊர்ல என் மச்சினன் வெவரம் தெரியாமப் பண்ணிட்டான். சங்கமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எங்க பக்கத்துல எல்லாத்துக்கும் இப்படித்தான் அடிப்பாங்க, உங்களுக்குத்தான் தெரியுமே. எடுத்துச் சொல்லுங்க."

சதீஷ்குமார் எடுத்துச் சொன்னாரா, சுருக்கிச் சொன்னாரா தெரியவில்லை. ஜி.எம். கேட்டார். இவர்கள் உன் பின்னால் நிற்கிறார்கள் என்றால் அது சங்கம், வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இங்கே அது கிடையாது, இத்தனை பேரையும் நான் அனுப்ப வேண்டியிருக்கும். நிற்கவில்லை என்றால் நீ யாருக்காக பஸ் கேட்கிறாய்?

சதீஷ்குமார் இதைத் தமிழில் சொல்லி முடித்ததும் தலையைக் குனிந்துகொண்டார். எந்தப் பக்கம் காலை வைத்தாலும் பள்ளம். ஜெயசீலன் படத்தில் இருந்த முகங்களைப் பார்த்தார். கார்மேகம் ஆஸ்பத்திரியிலிருந்தே, மணமேடையில் எடுத்த போட்டோவை வெட்டி அனுப்பியிருந்தான். மாலை தோளோடு நின்றது. இவனை இப்போது அனுப்பினால் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து நேராக ஏர்போர்ட்தான், ஊரில் வைத்தியம் பார்க்க யார் இருக்கிறார்கள்?

"எனக்குப் பின்னாடி யாரும் இல்ல சார்" என்றார். "நானாத்தான் கேட்டேன்."

அதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஒரு ஆளுக்காக பஸ் விட முடியாது, கலாஸ், பேச்சு முடிந்தது என்று ஜி.எம். எழுந்துவிட்டார். வராண்டாவில் சதீஷ்குமார் பின்னாலேயே வந்து, "உங்க வேலைக்கு நான் கேரன்டி, ஜெயசீலன். இதோட விட்டுடுங்க" என்றார்.

ஜெயசீலன் கேம்ப்புக்கு வந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மறைக்கலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வந்தார், வாய் வரவில்லை. கேட்டவர்கள் யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பாலகுரு மட்டும் கேட்டான். "எங்களுக்காகப் பேசப் போன ஆளு, எங்கள யாருன்னே தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கீங்ளா?"

"உங்கள அனுப்பிருவாங்கப்பா."

"அத எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்கண்ணா."

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. எல்லோரையும் உட்கார வைத்து மூன்று கேள்வி கேட்கிற மனுஷன், கேட்க வேண்டிய நேரத்தில் ஒருவரையும் கேட்காமல் முடிவெடுத்துவிட்டார். வேறு வழி இருந்ததா என்றால் எனக்கும் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. ஊருக்குப் போன் பேசும்போது மனைவி ஜோதிமணி, "ஏங்க கொரல் கம்மியிருக்கு?" என்றாள். "ஏசிம்மா" என்று மழுப்பினார்.

மறுநாள் வெள்ளி, விடுமுறை. சனிக்கிழமை விடிவதற்கு முன் பஸ் வந்து கேட் அருகே நின்றது. ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பாலகுரு ஏதாவது செய்வான் என்று எல்லோரும் அவனைப் பார்த்தார்கள், அவன் செருப்பைப் பார்த்தான். வரிசை நகர்ந்து ஜெயசீலன் படிக்கட்டுக்கு வந்தார். ஏறவில்லை. விலகிப்போய்க் கேட் ஓரத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

டிரைவர் முகம்மது சித்தீக் எட்டிப் பார்த்தான். கீழக்கரைக்காரன், வாயாடி. "என்ன சீலண்ணே, மேலுக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன். நான் இன்னைக்கி வரல." பிறகு வரிசையைப் பார்த்துச் சொன்னார். "நீங்க ஏறுங்க. நான் தனியாத்தான் கேட்டேன்னு எழுதிக் குடுத்திருக்கேன். அதனால தனியா உக்கார்றேன். ஒருத்தரும் எறங்கப்படாது."

யாரும் இறங்கவில்லை. பாலகுரு படியில் ஒரு காலை வைத்தபடி வெகு நேரம் நின்றான், பின்னாலிருந்தவர்கள் முணுமுணுக்க, ஏறிவிட்டான். பஸ் போனது. ஜெயசீலனுக்கு அழுகை வந்தது. ஏறுங்கள் என்று சொன்னதும் அவர்தான், ஏறிவிட்டார்களே என்று உடைந்ததும் அவர்தான். மனசு என்பது அப்படித்தான் இருக்கிறது, என்ன செய்ய?

வெயில் ஏறியது. வாட்ச்மேன் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டு, உள்ளே போ பாய் என்று இந்தியில் கெஞ்சிப் பார்த்தான். ஆபீஸுக்குப் போனும் போட்டான். ஜெயசீலன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஜெபமாலையை உருட்டினார். ஃபஹாஹீல் வேன்கள்தான் கண் முன்னே வந்தன. ஜெபம் நடுநடுவே அறுந்துபோனது. பயமாக இருந்தது, நன்றாகவே பயமாக இருந்தது.

பத்து மணிக்கு மேல் ரோட்டில் பஸ் வரும் சத்தம் கேட்டது. முதலில் அவர் நம்பவில்லை. அவர்களுடைய பஸ்தான். கேட்டில் வந்து நின்று, கதவு திறந்தது.

சைட்டில் நடந்தது இதுதான். பத்து மணிக்கு ஆட்கள் கொட்டகைக்குப் போகும்போது சித்தீக் எஞ்சினைப் போட்டு, ஏசியைப் போட்டு, கதவைத் திறந்துவைத்திருக்கிறான். ஃபோர்மேன் ஓடிவந்து கேட்டதற்கு, ஆபீஸிலிருந்து போன் வந்தது, கேம்ப்புக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள் என்று கூசாமல் ஒரு பொய்யை விட்டிருக்கிறான். யல்லா, யல்லா என்று அவனே ஆட்களை விரட்டி ஏற்றியிருக்கிறான்.

ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஜெயசீலன் எழுந்து சித்தீக்கிடம் ஓடினார். "யாருடா சொன்னது ஒனக்கு? ஒன் வேல போயிரும்டா."

"யாரும் சொல்லல. நீங்க மண்ணுல காயிறீங்க, நான் பஸ்ஸுல காலாட்டிக்கிட்டுப் படுத்துக் கெடக்கவா? எனக்குத் தூக்கம் புடிக்கலண்ணே" என்றான் சித்தீக். எஞ்சினை அணைத்துச் சாவியை உருவிக்கொண்டு, ஜெயசீலன் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

ரூம்களை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் திரும்பி வந்தவன் பாலகுரு. வந்து உட்கார்ந்தான். அப்புறம் நாலைந்து பேர். அப்புறம் நேபாளிகள். கொட்டகையில் படுத்திருக்க வேண்டிய கூட்டம் மொத்தமும் கேட் வாசலில் வெயிலில் உட்கார்ந்துவிட்டது. எழுந்து போங்கப்பா, நிழலுக்காவது போங்கப்பா என்று ஜெயசீலன் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்தார். ஒருவரும் அசையவில்லை. கடைசியில் அவரும் அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்தார்.

சதீஷ்குமாரின் கார் வந்து நின்றது. இறங்கி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தவர் ஆடிப்போய்விட்டார். குனிந்து ஜெயசீலனின் காதருகே, "அண்ணே, ஜி.எம். வந்துட்டிருக்கார். இது எங்க போய் முடியும்னு உங்களுக்குத் தெரியும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா எழுந்து போயிடுவாங்க. சொல்லுங்க" என்றார். அவர் ஜெயசீலனை அண்ணே என்று கூப்பிட்டது அதுவரை கிடையாது.

ஜெயசீலன் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் எப்போதும் போல இறங்கியே இருந்தது.

"நான் எப்படி சார் சொல்ல முடியும்? எனக்குப் பின்னாடி யாரும் இல்லன்னு உங்ககிட்டதான கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."